வி-கிராஸுக்குப் பெரிய டயர்: 265/60 போதுமா, 265/65 வேண்டுமா?

இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்த டயரின் அளவு 255/60 ஆர்18; அதாவது அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 60 விழுக்காடு, ரிம் 18 அங்குலம். விட்டம் ஏறத்தாழ 763 மில்லிமீட்டர். நான்கும் தேய்ந்து மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, வண்டியின் சஸ்பென்ஷனை உயர்த்தாமலும் ரிம்மை மாற்றாமலும் எவ்வளவு பெரிய டயர் போடலாம் என்று விசாரித்ததில் 265/60, 265/65, 275/65 ஆகிய மூன்று அளவுகள் மிஞ்சின. நான் முதலாவதைத்தான் போட்டேன். ஆகவே இந்த அலசலில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கணக்கு எளியது. மூன்றின் விட்டமும் முறையே 775, 802, 815 மில்லிமீட்டர். விட்டம் கூடுவதில் பாதிதான் தரை இடைவெளியாகக் கிடைக்கும் என்பதால், வண்டி 6, 19, 26 மில்லிமீட்டர் உயரும். ஆறு மில்லிமீட்டர் ஓர் உயரமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது தோப்பின் ஈரமண்ணில் பிடிப்பும், கல்லுக்குத் தாங்கும் பக்கச்சுவருமே; அவ்விரண்டும் அளவைவிட, தார்ச்சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற ஆல்-டெரைன் டயரின் கட்டமைப்பைப் பொறுத்தவை.

265/65 என் மைத்துனரின் வண்டியில் இருக்கிறது. சக்கரக் குழி நிறைந்து, வண்டிக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டதை மறுக்க முடியாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபடி பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் முன்டயர் உள்பக்கப் பிளாஸ்டிக் லைனரில் உரசியது. லைனரைச் சூடாக்கி உள்ளே தள்ளியதும் சத்தம் நின்றது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11-க்கு இறங்கிவிட்டதாக அவர் வருந்தினார். ஆனால் டயர் 5 விழுக்காடு பெரிதானால் ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும். அதைச் சரிசெய்தால் அந்த 11 உண்மையில் பதினொன்றரைக்குச் சற்று மேல். இழப்பில் பாதி மீட்டரில்தான் இருந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது ஸ்டெப்னி. மைத்துனர் செலவு கருதி நான்கு டயர்களை மட்டும் வாங்கிவிட்டு, பழைய 255/60 டயரையே ஸ்டெப்னியாக வைத்திருந்தார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், ஓரக்கல்லில் பட்டுப் பின்டயரின் பக்கச்சுவர் கிழிந்தது. ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டியபோது ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கிடையே விட்டத்தில் 39 மில்லிமீட்டர் வேறுபாடு. அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் 12 சென்டிமீட்டர். அந்த வேறுபாட்டைப் பின்னச்சின் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு) நேர்ச்சாலையிலும் ஓயாமல் ஈடுசெய்துகொண்டே இருக்க வேண்டும். வழியிலேயே மறுபடியும் ஜாக்கி வைத்து, முன்சக்கரம் ஒன்றைப் பின்னுக்கும் ஸ்டெப்னியை முன்னுக்கும் மாற்றி, பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் 2எச்சிலேயே மெதுவாகக் கீழே வந்தோம். இந்த வண்டியில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஆகவே அளவு வேறுபட்ட சக்கரங்களோடு தார்ச்சாலையில் நான்கு சக்கரங்களும் இயங்கும் 4எச் போட்டால் முன்பின் தண்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

265/60 போட்டால் தொழிற்சாலை ஸ்டெப்னிக்கும் புது டயருக்கும் உள்ள வேறுபாடு 12 மில்லிமீட்டர்தான். ஒரு புதுடயருக்கும் முழுக்கத் தேய்ந்த டயருக்கும் இடையே விட்டத்தில் ஏறக்குறைய இவ்வளவு வேறுபாடு எப்படியும் இருக்கும். 2எச்சில் ஊர் வந்து சேர அது போதும். 265/65 மீது மனம் வைத்தவர்கள் ஐந்து டயர்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். ஐந்தாவது டயர் வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் ஒழுங்காக உட்காருகிறதா என்பதைக் கடையிலேயே ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

கிடைக்கும் வசதியும் 265/60 அளவுக்கே சாதகம். ஃபார்ச்சூனருக்கும் 265/60 ஆர்18 தான் என்பதால் பொள்ளாச்சியிலேயே அன்றைக்கே கிடைத்தது. மைத்துனர் தம்முடையதற்கு மூன்று வாரம் காத்திருந்தார்.

275/65 அளவை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. பார்த்த ஒரே வண்டியில் மட்ஃபிளாப்பைக் கழற்றி லைனரையும் வெட்டியிருந்தார்கள். அதன்பின் என் ஆர்வம் போய்விட்டது. எந்த அளவானாலும், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. சுமை ஏற்றும் வண்டி என்பதால் சுமைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும்: 108 என்றால் டயருக்கு 1,000 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ, பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது.

என் டயர்கள் 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருப்பதால் அவற்றின் ஆயுளைப் பற்றி இப்போதே பேசுவதற்கில்லை. எண்பதைத் தாண்டினால் ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கிறது, பழகிவிட்டது. டயரின் பட்டன் (தரையில் படும் மேடு) மூன்று மில்லிமீட்டர் தேய்ந்திருப்பதால், ஸ்டெப்னியோடு இருந்த 12 மில்லிமீட்டர் வேறுபாடு இப்போது ஆறாகச் சுருங்கியிருக்கிறது.