கோத்தகிரியில் பைஎன்வியோடு நான்கு வருடம்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பகலில் வெளியூர் நிறுவனத்துக்கு. மீதி நேரத்தில், பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு எழுதிக் கொடுத்த சின்ன நிரல் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன்: பச்சை இலை எடை போடும் தராசிலிருந்து எண்ணை வாங்கிக் கணக்கில் ஏற்றும், அவ்வளவுதான். இரண்டு வேலையும் பைத்தான் என்ற நிரல்மொழியில்தான். நிறுவனத்துக்கு அதன் பதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. தராசு நிரல் 3.8-ஐ விட்டு நகராது. இரண்டையும் ஒரே லேப்டாப்பில் ஓட்டத்தான் 2021-ல் பைஎன்விக்கு (pyenv, பல பைத்தான் பதிப்புகளை ஒரே கணினியில் வைத்துக்கொள்ள உதவும் கருவி) வந்தேன்.

சூடு பட்ட பிறகுதான் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் லேப்டாப்பின் இயங்குதளமான உபுண்டு 20.04-ல் சிஸ்டத்தோடு வருவது பைத்தான் 3.8. நான் 3.9-ஐ நிறுவி, ‘பைத்தான்3’ என்ற பெயரையே அதன் பக்கம் திருப்பி வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது, டெர்மினலை (கட்டளைகளை அடிக்கும் ஜன்னல்) மூடித் திறக்கும் வரை. திறக்கவே இல்லை. உபுண்டுவில் அந்த டெர்மினலைக் கிளப்பிவிடுவதே ஒரு பைத்தான் நிரல்தான், அது தேடுவது 3.8-க்குக் கட்டிய தொகுப்புகளை என்று அன்றுதான் தெரிந்தது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய்ப் பழையபடி மாற்றினேன். சிஸ்டத்தின் பைத்தான் வாடகை வீட்டுச் சுவர் மாதிரி. அதில் நாம் ஆணி அடிக்கக் கூடாது.

பைஎன்வி அந்தச் சுவரைத் தொடுவதில்லை. எல்லாப் பதிப்புகளும் நம் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். ‘பைத்தான்’ என்று அடித்தால் முதலில் அகப்படுவது ‘ஷிம்’ என்ற சின்ன ஸ்கிரிப்ட். நிற்கும் ஃபோல்டரிலோ அதற்கு மேலேயோ பதிப்பு எண் எழுதிய கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, உரிய பைத்தானிடம் அனுப்பும். தராசு ஃபோல்டருக்குள் போனால் 3.8, வெளியே வந்தால் 3.12. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தொல்லை கம்பைல் செய்வதில், அதாவது மூல நிரலை ஓடும் நிரலாகக் கட்டுவதில். பைஎன்வி மூல நிரலை இறக்கி நம் கணினியிலேயே கட்டும். என் பழைய லேப்டாப்பில் சாதாரணமாகப் பத்து நிமிடம். வேகம் கூட்டும் ஆப்டிமைசேஷனையும் கேட்டால் முக்கால் மணி நேரம், ஏனென்றால் ஒருமுறை கட்டி, ஓட்டிப் பார்த்து, திரும்பவும் கட்டுகிறது. ஐப்பசி மழையில் எங்காவது ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாயும், கரண்ட் போகும். லேப்டாப் பேட்டரியோ செத்து வருடமாகிறது. ஒருமுறை கிட்டத்தட்ட முடியும் நேரத்தில் இருட்டாகிவிட்டது. மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தேன். குளிருக்கு லேப்டாப் மேல் கை வைத்துக் காய்ந்ததுதான் ஒரே லாபம்.

நெட்டும் இங்கே நினைத்தால் வரும். பைஎன்வி ஃபோல்டருக்குள் ‘கேஷ்’ என்று ஒரு ஃபோல்டரை நாமே உண்டாக்கி வைத்தால், இறக்கிய மூலக் கோப்பு அதில் தங்கிவிடும். மறுமுறை இறக்க வேண்டாம். மலையில் இருப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். கூடவே, பைத்தானைக் கட்டும்போது தேவைப்படும் எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைய இணைப்புக்கு), எஸ்கியூலைட் (சின்னத் தரவுத்தளம்), பிஇசட்2, எஃப்எஃப்ஐ ஆகிய நூலகங்களின் டெவ் தொகுப்புகளையும் போட்டுவிடுங்கள். சிலது இல்லாவிட்டாலும் பைஎன்வி எச்சரிக்கையோடு கட்டி முடித்துவிடும். அந்த வரியைக் கவனிக்காமல் விட்டு, எஸ்கியூலைட் இல்லாத பைத்தானை ஒரு வாரம் வைத்திருந்தேன்.

பெரிய அடி உபுண்டு 22.04-க்கு மாறியபோது. அதில் எஸ்எஸ்எல்லைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பதிப்பு 3. ‘தேவையற்ற பழைய தொகுப்புகளை நீக்கவா?’ என்றது, சரி என்றேன். நீக்கியதில் பழைய 1.1-ம் போய்விட்டது. அதை நம்பிக் கட்டிய என் பைத்தான்கள் எல்லாம் ஓடின, ஆனால் எஸ்எஸ்எல்லை இழுத்ததும் விழுந்தன. பைஎன்வி தனி வீடுதான், தண்ணீர் மட்டும் சிஸ்டத்தின் குழாயிலிருந்து. அதே பதிப்புகளை மறுபடி கட்டியதும் மெய்நிகர் சூழல்கள் (ஒவ்வொரு வேலையின் தொகுப்புகளையும் தனித்தனியாக வைக்கும் ஃபோல்டர்கள்) கை வைக்காமலே எழுந்துகொண்டன. அவை உள்ளே வைத்திருப்பது அந்தப் பைத்தானின் பாதையைத்தானே.

அப்புறம் கிரான், குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் வசதி. இரவுக் கணக்கைத் தானாக ஓட வைத்திருந்தேன். காலையில் தொழிற்சாலையிலிருந்து போன்: “தம்பி, நேத்து இலைக் கணக்கு வரலியே?” கிரான் நம் டெர்மினலின் ஷெல் அமைப்புகளைப் படிப்பதில்லை. ஷிம் இருக்கும் இடம் எழுதியிருப்பது அவற்றில்தான். அதற்கு ஷிம் என்ற ஒன்றே தெரியாது, நேரே சிஸ்டத்தின் பைத்தானை எடுத்துக்கொண்டது. மெய்நிகர் சூழலுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த போன் வரவில்லை.

2024 பிப்ரவரியில் ஆஸ்ட்ரல் நிறுவனம் வெளியிட்ட யூவி (uv) என்ற கருவியை இப்போது புது வேலைகளுக்கு எடுத்துக்கொள்கிறேன். கட்டி முடித்த பைத்தானையே இறக்குவதால் கம்பைலும் இல்லை, கரண்ட் பயமும் இல்லை. பதிப்பு எண் எழுதிய அதே கோப்பை அதுவும் படிக்கிறது, ஆகவே இரண்டும் சண்டையில்லாமல் இருக்கின்றன. இன்று புதிதாகத் தொடங்குபவர் என்றால் நேரே யூவிக்கே போகலாம் என்பேன். ஆனால் தராசு நிரல் இன்னும் பைஎன்வியின் 3.8-ல்தான். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2024 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. மாற்ற வேண்டும்தான். தொழிற்சாலையில் இலை வரத்து குறையும் மாதம் பார்த்துச் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.