சுற்றிய வேரை அறுக்க ஃபெல்கோ 600 ரம்பம்

ஃபெல்கோ 600 கவாத்துக்கான மடக்கு ரம்பம். சுவிட்சர்லாந்து நிறுவனத்துடையது, பிளேடு 16 செ.மீ., இழுக்கும்போது மட்டும் அறுக்கும் பற்கள். கிளை வெட்ட இதைவிட நீளமான ரம்பங்கள் எத்தனையோ உண்டு. மரத்தடியை நெரிக்கும் வேரை எடுப்பதில்தான் இந்தக் குட்டைப் பிளேடுக்கு மதிப்பு.

பாலிதீன் பையில் நெடுநாள் கிடந்த மா ஒட்டுக்கன்றின் வேர், பைக்குள்ளேயே வளையம் போட்டுவிடும். அதைப் பிரிக்காமல் நட்டால், தண்டு பருக்கப் பருக்க வளையமும் இறுகி, இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்கும் பட்டையை நசுக்கும். சில வருடங்கள் கழித்து ஒரு பக்கக் கிளைகள் மட்டும் காயும், இலை சிறுக்கும். மண் மட்டத்தில் விரிய வேண்டிய அடிமரம் கம்பம் நட்டது போல நேராக இறங்கும். இந்த நிலையில் உரம் வைப்பது வீண்.

முதலில் களைக்கொத்தாலும் குச்சியாலும் தண்டைச் சுற்றி 30 செ.மீ. வரை மண்ணை விலக்கி, ஹோஸ் தண்ணீரால் வேரைக் கழுவுங்கள். பற்களை மழுக்குவது வேரல்ல, அதில் ஒட்டிய மணல்தான். விரல் பருமன் வரை கவாத்துக் கத்தரிக்கோலே போதும். 2 முதல் 4 செ.மீ. வரையான வேர்களில் ஃபெல்கோ சுத்தமாக வேலை செய்கிறது. முன்னே தள்ளி அறுத்தால் பிளேடு வளையும். பாரத்தை இழுப்பில் மட்டும் கொடுங்கள். வேருக்கும் தண்டுக்கும் நடுவே பழைய பிளாஸ்டிக் ஸ்கேலைச் செருகிவிட்டால் பட்டையில் பல் படாது.

தண்டிலேயே பதிந்துவிட்ட வேரைப் பிடுங்கக் கூடாது. பட்டையும் கூடவே வரும். பதிந்த பகுதிக்கு இரண்டு பக்கமும் வெட்டி, நடுத்துண்டை அப்படியே மக்க விடுங்கள். வேரின் பருமன் 5 செ.மீ. தாண்டினால் இந்த ரம்பம் திணறும், அங்கே உளியும் கொட்டாப்புளியும்தான். பெரிய வேர்கள் பல இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காமல் இரண்டு வருடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மரத்தை மண்ணில் பிடித்து நிறுத்துவதும் அந்த வேர்கள்தானே. தமிழ்நாட்டில் ஆடிக்காற்று ஓய்ந்த ஆவணி நல்ல சமயம். கத்திரி வெயிலில் தொடவே வேண்டாம்.

வெட்டுவாயில் பெயின்ட், தார் எதுவும் வேண்டாம். தோண்டிய மண்ணைத் தண்டின் மேல் மீண்டும் குவிக்காமல், அடி விரியும் இடம் வெளியே தெரியும்படி விடுங்கள். மூடாக்கு (மண்ணை மூடப் பரப்பும் சருகு, வைக்கோல்) 5 செ.மீ. கனம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

குறை என்றால் கீல்தான். ஈர மண் உள்ளே போனால் மடக்கும்போது கரகரக்கும். திருகைக் கழற்றிக் கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். மழுங்கிய பிளேடை அரம் போட்டுத் தீட்டுவதைவிட மாற்றிவிடலாம், தனியாகக் கிடைக்கிறது. கைப்பிடி சிவப்பு, தோண்டிய மண்ணில் விழுந்தாலும் உடனே கண்ணில் படும், சின்ன விஷயம் என்றாலும் உதவி.

விலை உள்ளூர் ரம்பத்தைப் போலப் பல மடங்கு. வீட்டில் ஒரே ஒரு மரம் என்றால், நுனி குறுகிய, இழுத்து அறுக்கும் எந்த மடக்கு ரம்பமும் போதும். ஆக்சா பிளேடைத் துணி சுற்றிப் பிடித்து அறுக்கப் பார்க்காதீர்கள்: பல் பொடிசு, பச்சை வேரின் தூள் அடைத்துக்கொண்டு வழுக்கும். தோப்பு வைத்திருப்பவர்களும் மரப் பராமரிப்புக்குக் கூலிக்குப் போகிறவர்களும் தயங்காமல் வாங்கலாம், கூடவே ஒரு மாற்றுப் பிளேடும்.