எவர்சில்வர் சிங்கில் இரண்டாவது குழாய்க்குத் துளை: 22 மி.மீ. கார்பைடு கட்டர், எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கடலூரில் தேவனாம்பட்டினம் செல்லும் சாலையையொட்டி இருக்கிறது எங்கள் வீடு. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதால் பாத்திரம் கழுவ மட்டுமே அது பயன்படுகிறது; அரிசி களையவும் பருப்பு வேக வைக்கவும் மாநகராட்சித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துச் சொம்பால் மொண்டுகொண்டிருந்தோம். மாமியாருக்குத் தோள்வலி வந்த பிறகு, அந்தத் தண்ணீரையும் ஒரு சிறு தொட்டியில் ஏற்றி, சிங்கிலேயே தனிக் குழாயில் வரும்படி செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். சிங்கின் பின்பட்டையில் இருந்ததோ ஒரே ஒரு துளை. இன்னொன்று போடுவதற்காக நான் வாங்கிய கட்டரைப் பற்றியே, அதாவது டிரில் மெஷினில் மாட்டி வட்டத் துளை வெட்டும் கருவியைப் பற்றியே, இங்கே எழுதுகிறேன்.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. 'எல்லா உலோகத்துக்கும்' என்று அட்டையில் அச்சிட்டிருந்த மலிவான செட் ஒன்றை இணையத்தில் வாங்கியிருந்தேன். வட்டவட்டமான ரம்பத் தகடுகளை ஒரே பிடியில் மாற்றி மாற்றிச் செருகும் வகை அது. மரத்துக்கும் ஜிப்சம் பலகைக்கும் உரிய பொருள் என்று பின்னர்தான் தெரிந்தது. நடுத்துளையைத் தன்னிடமிருந்த பிட்டால் போட்டுவிட்டு, வந்திருந்த பிளம்பர் அந்த ரம்பத்தை மாட்டி, டிரில் மெஷினை முழு வேகத்தில் ஓட விட்டார். அரை நிமிடத்தில் புகை கிளம்பியது, பற்கள் மழுங்கின, சிங்கில் நீலம் பாய்ந்த ஒரு வட்டக் கோடு மட்டும் மிஞ்சியது. எவர்சில்வரின் இயல்பு அப்படி. வெட்டாமல் வெறுமனே உரசினால் உரசிய இடம் முன்பைவிடக் கெட்டிப்பட்டுவிடும்; கெட்டிப்பட்ட இடத்தில் மேலும் உரசினால் சூடு ஏறிப் பல்தான் போகும். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 ரகத்திலேயே இது உண்டு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 ரகத்தில் இன்னும் அதிகம்.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் விசாரித்தபோது, கல்லாவில் இருந்த பெரியவர் எதையும் எடுத்துக் காட்டவில்லை. "குழாயைக் கையோட எடுத்துட்டு வாங்கம்மா, மரையை அளந்து பார்த்துத்தான் கட்டர் குடுக்கணும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். 'அரை இஞ்ச் குழாய்' என்பதை நம்பி 13 மி.மீ. துளை போதும் என்று நான் எண்ணியிருந்தேன். அரை இஞ்ச் என்பது குழாயின் உள்வழியைக் குறிக்கும் பெயரளவு கணக்கு. அதன் மரையின் வெளிவிட்டமோ ஏறத்தாழ 21 மி.மீ. ஆகவே 22 மி.மீ. கட்டர்தான் பொருந்தும். ஒற்றைத் தண்டு மிக்ஸர் குழாய் வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் 35 மி.மீ. தேவைப்படும்.

400 ரூபாய்க்குள் கிடைத்த இந்தக் கட்டர் கைக்கு அடக்கமானது. கிண்ணம் போன்ற எஃகு உடல், அதன் விளிம்பில் பற்றவைத்த டங்ஸ்டன் கார்பைடு பற்கள், நடுவில் வழிகாட்டும் 6 மி.மீ. பிட், வெட்டிய வில்லையைத் தானே வெளியே தள்ளும் சுருள்வில் ஆகியவை இதன் உறுப்புகள். விளிம்புக்கு மேலே சற்று அகன்ற ஒரு தட்டு இருக்கிறது. தகடு அறுந்ததும் கட்டர் சரேலென உள்ளே இறங்கிவிடாமல் அந்தத் தட்டே தடுக்கிறது. வீட்டில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இந்தக் கருவியில் இல்லை என்பேன்.

வேலையில் பெரும் பங்கு துளையிடுவதற்கு முன்பே நடக்கிறது. பின்பட்டைக்கு அடியில் கை விட்டுத் தடவி, கிரானைட் பலகை அங்கே வரவில்லை, சிங்கைப் பிடித்திருக்கும் கிளிப் இல்லை, குழாயை அடியிலிருந்து இறுக்கும் செக்நட்டைத் திருக இடமிருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தகட்டுக்கு அடியில் கிரானைட் இருந்தால் இந்தக் கட்டர் உதவாது. அதற்கு டைமண்ட் கோர் பிட்தான் வேண்டும். புது இடமானால் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியால் ஒரு குழி அடித்துக்கொள்வது அவசியம், இல்லையேல் பிட் வழுக்கிக்கொண்டுபோய்ப் பளபளப்பில் கோடு கிழிக்கும். ஒரு தேக்குத் துண்டை அடியில் வைத்துக் கழியால் முட்டுக்கொடுத்தேன், 1 மி.மீ. தகடு அழுத்தத்தில் வளையாமல் இருந்ததற்கு அதுவே காரணம். சிங்கைத் துடைத்துக் காயவிட்டு, தண்ணீர் வால்வை மூடி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்ட பிறகே மெஷினைக் கையில் எடுத்தேன்.

நம் வீடுகளில் இருக்கும் டிரில் மெஷின்கள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 2,500 சுற்றுக்கு மேல் ஓடக்கூடியவை. இந்த வேலைக்கு 200 முதல் 300 சுற்று போதும். கிண்ணத்தின் பற்களைக் கண்ணால் பின்தொடர முடிகிற வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். விசையில் உள்ள சிறு சக்கரத்தைத் திருகி வேகத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, இடித்து இடித்துத் துளைக்க வைக்கும், சுத்தியல் குறி போட்ட ஹேமர் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கார்பைடு மிகக் கடினமானது, அதே அளவுக்கு நொறுங்கக்கூடியது. ஹேமரில் ஓட்டினால் பற்கள் உதிர்ந்துவிடும். கட்டிங் ஆயில் கைவசம் இல்லாததால் தேங்காய் எண்ணெய்தான் ஊற்றினேன். வேகம் குறைவு, அழுத்தம் நிறைவு என்பதே முறை: பல் எப்போதும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு கணமும் சும்மா உரசக் கூடாது. பத்து விநாடி வெட்டி, தூக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி வெட்டினேன். வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாகத் தூள் வந்தால் சரியாக நடக்கிறது; நீலமாகவோ பொடியாகவோ வந்தால் நிறுத்திவிட வேண்டும். முன்பே கெட்டிப்பட்டிருந்த அந்த வட்டக் கோட்டையும் சேர்த்து அறுக்க ஏழெட்டு நிமிடங்கள் ஆயின. வில்லை கழன்று சுருள்வில்லால் வெளியே விழுந்த ஓசையைக் கேட்டு மாமியார் அடுக்களைக்கு ஓடி வந்துவிட்டார்.

துளையின் விளிம்பு நான் எதிர்பார்த்ததைவிடச் சுத்தமாக இருந்தது. அடிப்பக்கத்தில் மட்டும் பிசிறு நின்றது. வட்ட அரத்தால் இரண்டு நிமிடம் தேய்த்ததும் போய்விட்டது. அந்த அரம் இரும்பு அறுத்த அரமாக இருக்கக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் எவர்சில்வரில் பதிந்து, சில நாளில் துருப்புள்ளியாகத் தெரியும். வெட்டிய ஓரத்தில் குரோமியம் காற்றோடு சேர்ந்து தன் காப்புப் படலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், ஆனால் ஓரம் சுத்தமாக இருந்தால்தான் அது நிகழும். எங்களைப் போல உப்புக்காற்றிலும் உவர்நீரிலும் புழங்கும் அடுக்களையில் இதில் அலட்சியம் கூடாது. சிதறிய தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவிய பிறகே வாஷரை வைத்துக் குழாயைப் பொருத்தினேன். எட்டு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது விளிம்பில் துரு இல்லை.

குறைகளும் உண்டு. தம்பி வீட்டுச் சிங்கில் இதே கட்டரால் புதிதாகத் துளை போட்டபோது, உடன்வந்த நடு பிட் தகட்டைத் துளைக்கும் முன்பே மழுங்கிவிட்டது. 5 விழுக்காடு கோபால்ட் கலந்த எம்35 வகை பிட் ஒன்றைத் தனியாக வாங்கி மாற்றிய பிறகே வேலை நடந்தது. வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. பிட்டைப் பிடித்திருக்கும் சிறு திருகு அதிர்வில் தளர்கிறது என்பதால் ஒவ்வொரு முறையும் எல்-கீயால் இறுக்கிப் பார்க்கிறேன். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது அதன் பெட்டிதான். எவர்சில்வரை அறுக்கும் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்களே தவிர, எந்த வேகத்தில் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி இல்லாமல் வாங்கிச் செல்பவர் முதல் துளையிலேயே பற்களை இழந்துவிட்டு, கட்டர் மட்டம் என்று தூக்கி எறிந்துவிடுவார்.

பாண்டிச்சேரியில் இருக்கும் என் அக்காவும் குடிநீர்க் குழாய்க்காக இப்போது இதைக் கேட்டிருக்கிறாள். கோபால்ட் பிட்டை மாட்டி, பெட்டியின் மேல் '200 முதல் 300 சுற்று, ஹேமர் கூடாது' என்று எழுதி ஒட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.