வயலின் இல்லாத நட்சத்திர இரவு

வான்கோ 1889-இல் வரைந்த 'நட்சத்திர இரவு' ஓவியத்தை வைத்து பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆன்ரி துத்தியோ எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா இசையை முதலில் போன் ஸ்பீக்கரில் போட்டேன், பாதியிலேயே நிறுத்திவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அடிஸ்தாயி முழுக்கக் காணாமல் போனால் இதில் மிச்சம் என்ன இருக்கும்?

அப்புறம் நல்ல ஹெட்போனில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. இதில் வயலினும் இல்லை, வயோலாவும் இல்லை! தந்தி வாத்தியம் என்றால் 12 செல்லோ, கூடவே டபுள் பாஸ், அவ்வளவுதான். மேலே புல்லாங்குழல் வகையறாக்கள் மினுங்க, கீழே செல்லோக்கள் முனக, நடுவில் ஒரு பெரிய வெற்றிடம். ஓவியத்தில் சுழலும் வானத்துக்கும் தூங்கும் ஊருக்கும் இடையே இருக்கிற அதே தூரம். தலை சுற்றுகிறது, நிஜமாகவே.

செல்லோ மேதையும் இசை நடத்துனருமான ரோஸ்ட்ரோபோவிச் கேட்டுக்கொண்டதால் எழுதியது, 1978-இல் வாஷிங்டனில் அவரே நடத்தி அரங்கேற்றினார். 1990-இல் நடுவே சேர்த்த, செல்லோக்கள் மட்டும் வாசிக்கும் சின்னப் பகுதிதான் எனக்கு உயிர். முணுமுணுக்க மெட்டு தேடுபவர்களுக்கு இது சரிவராது. மொத்தமே சுமார் 20 நிமிடம், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.