பொருள் செய்யும் வேலையா, இடம் செய்யும் வேலையா? என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட் எங்கே சேரலாம்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் கூப்பிட்டான். கையில் இரண்டு வேலை. ஒன்று, வெளிநாட்டு கேம்களுக்கு ஆர்ட் செய்து கொடுக்கும் பெங்களூர் அவுட்சோர்ஸிங் ஸ்டூடியோ; சம்பளம் தேதி தவறாமல் வந்துவிடும். இன்னொன்று, ஏழு பேர் சேர்ந்து சொந்தமாக கேம் செய்யும் குழு. சம்பளம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். "இரண்டும் வேண்டாம்னு வீட்டிலிருந்தே கிட் செஞ்சு ஃபேப்ல வித்தா என்னண்ணா?" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக் கேட்டான். கிட் என்பது கேம் செய்பவர்கள் வாங்கிப் பொருத்திக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பு, ஃபேப் அதை விற்கும் இணையக் கடை. மூன்றையும் செய்து பார்த்தவன் நான். போனில் சொன்னது போதவில்லை என்று தோன்றியதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கேமில் தெரியும் சூழலை உருவாக்குபவர்தான் என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட். அந்த ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பீப்பாய், கதவு, தூண், பாறை என்று பொருள் செய்வது ஒன்று. இடம் செய்வது இன்னொன்று: அந்தத் தூணை எங்கே வைத்தால் விளையாடுபவர் அதன் பின்னால் ஒளிய நினைப்பார், எந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுந்தால் அவர் அந்தப் பக்கம் நடப்பார், இந்த வீட்டில் இருந்தவர்கள் அவசரமாகக் கிளம்பிப் போனார்கள் என்பதை யாரும் சொல்லாமல் எப்படிக் காட்டுவது. வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். மூன்று வழிகளையும் நான் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன். சம்பளத்துக்கும் வருகிறேன்.

முதலில் அவுட்சோர்ஸிங். இந்தியாவில் இந்தத் தொழில் வேர் பிடித்ததே அதன் வழியாகத்தான். 1997ல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு கேம்களுக்கு ஆர்ட் செய்து கொடுத்தே வளர்ந்தது. 2019ல் வெளிநாட்டு கேம் நிறுவனமான ராக்ஸ்டார் அதை வாங்கித் தன் பெங்களூர் ஸ்டூடியோவோடு சேர்த்துக்கொண்டது. 2004ல் தொடங்கிய லக்‌ஷ்யா டிஜிட்டலை 2014ல் கீவேர்ட்ஸ் என்ற வெளிநாட்டு நிறுவனம் வாங்கியது. 'அவுட்சோர்ஸிங்தானே' என்று இளக்காரமாகப் பேசுபவர்கள் இந்த வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

அங்கே நான் கற்றது ஒரு பொருளை முடிக்க. மூன்றே நாளில் முடித்துவிட்டேன் என்று அனுப்பிய ஒரு மரப்பெட்டி ஆறு முறை திரும்பி வந்தது. முதல் முறை டெக்செல் டென்சிட்டி, அதாவது ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்ற அளவு, தப்பு: பிரீஃபில், அதாவது கிளையன்ட் தந்த வேலைக் குறிப்பில், மீட்டருக்கு 512 பிக்சல் என்று இருக்க, மூடிக்கு ஒரு அளவும் பக்கவாட்டுக்கு ஒரு அளவும் கொடுத்திருந்தேன், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூடி மட்டும் மங்கலாகத் தெரியும். இரண்டாம் முறை யுவி சீம், அதாவது மாடல்மேல் ஒட்டும் படத்தின் தையல், முன் விளிம்பிலேயே தெரிந்தது. மூன்றாம் முறை விளிம்புகளின் பெவல் (மழுக்கிய சரிவு) ரொம்ப மெலிசு, நான்கடி தள்ளி நின்றாலே மேடுபள்ளத்தைக் காட்டும் நார்மல் மேப்பில் அது காணாமல் போனது. நான்காம் முறைதான் என் லீட் (குழுத் தலைவர்) என் இருக்கைக்கே வந்து, "இந்தப் பெட்டியை ஒருத்தர் எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவார்?" என்று கேட்டார். எல்லா விளிம்பிலும் ஒரே மாதிரி தேய்மானம் போட்டிருந்தேன், மாடலுக்கு வண்ணம் பூசும் சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் தேய்மானத்தைத் தானாகப் போடும் ஒரு ஜெனரேட்டரைத் தட்டினால் அப்படித்தான் வரும். நிஜப் பெட்டியில் அப்படி இருக்காது: கைபடும் இடத்தில் மெழுகு போல வழவழப்பு, தரையில் இழுபடும் அடிப்பக்கத்தில் சிராய்ப்பு, சுவரை ஒட்டி நிற்கும் பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் வெறும் தூசி. அந்த ஒரு கேள்விக்காகவே அந்த இரண்டரை வருடத்தை நான் மதிக்கிறேன். தனியாக வீட்டில் உட்கார்ந்திருந்தால் யார் கேட்டிருப்பார்?

ஆனால் அந்த இரண்டரை வருடமும் பொருள்தான். தொடர்ந்து நான்கு மாதம் பாறை மட்டும் செய்தேன். அந்தப் பாறைகள் எந்த மலையில் உட்காரப் போகின்றன என்று எனக்குத் தெரியாது. எஞ்சினில், அதாவது கேமை ஓட்டும் மென்பொருளில், அவற்றை வைப்பது கிளையன்ட் பக்கத்து ஆட்கள். கேம் வெளிவரும்வரை என்.டி.ஏ (வெளியே காட்டக்கூடாது என்ற ஒப்பந்தம்), அதனால் போர்ட்ஃபோலியோவில் போடவும் முடியாது. வெளிவந்த பிறகு யாரோ விளையாடும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நான் செய்த கிணற்றைக் கண்டுபிடித்தேன். விளையாடியவர் அதைத் தாண்டி ஓடிவிட்டார். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் கிணறு ஏன் அந்த மூலையில் இருக்கிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அது எனக்கு நிஜமாகவே உறுத்தியது.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். கிளையன்ட் கலிஃபோர்னியாவில் இருந்தால் அவர்களுடைய காலை 9 மணி கோடையில் நமக்கு இரவு 9:30. டெலிவரி வாரத்தில் இரவுச் சாப்பாடு மேஜையிலேயே. இன்னொன்று, நிலையான வேலை என்று வீட்டில் நம்புவது முழு உண்மை இல்லை. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது இந்திய அலுவலகங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆட்கள், ஆனால் பாடம் நமக்கும்தான்.

சிறு குழுவுக்குப் போனதும் முதல் வாரமே தடுமாறிவிட்டேன். பிரீஃப் தர யாருமில்லை. லெவல் டிசைனர் சாம்பல் பெட்டிகளை அடுக்கி ஒரு பிளாக்அவுட் காட்டுவார், அதில் அவர் ஓடிப் பார்ப்பார், நானும் ஓடிப் பார்ப்பேன், அப்புறம்தான் சுவர். நிஜ அளவில் 2.1 மீட்டர் உயரக் கதவு வைத்தேன், அழகாக இருந்தது, ஆனால் கேமரா கதாபாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கேமில் அந்தக் கதவு வழியாகப் போகும்போதெல்லாம் கேமரா நிலைப்படியில் முட்டியது. மூன்று மீட்டராக்கினேன். கண்ணுக்குச் சரியாகத் தெரிவதும் அளவு சரியாக இருப்பதும் வேறு வேறு என்று அன்றுதான் புரிந்தது.

அந்த ஆலமரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூன்று வாரம் உழைத்து விழுதுகளோடு ஓர் ஆலமரம் செய்தேன். நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லிசெகண்டுதான், அதில்தான் எல்லாம் நடக்க வேண்டும். என் மரத்தின் இலை அட்டைகள் (இலைப் படம் ஒட்டிய தட்டையான பரப்புகள்) ஒன்றன்மேல் ஒன்றாக ஒளி ஊடுருவும்படி அடுக்கியிருந்ததால், மரத்தடியில் நின்றாலே ஃபிரேம் விழுந்தது. மரத்தைக் குறைத்தோம், விழுதுகளைப் பாதியாக்கினோம், இலைகளின் வெற்றுப் பகுதியை வெட்டியெடுத்தோம். அதற்குப் பிறகும் சோதனைக்கு வந்தவர்களில் பலர் மரத்தைச் சுற்றிக்கொண்டு தப்பான பக்கம் போனார்கள். கடைசியில் மரத்தை வலப்பக்கம் நகர்த்தி, எதிரே இருந்த பாழ்மண்டபத்தில் ஒரு அகல்விளக்கு வைத்தேன். அடுத்து வந்த அத்தனை பேரும் நேராக விளக்கை நோக்கி நடந்தார்கள். இடம் செய்வது என்றால் இதுதான், இந்தச் சந்தோஷம் அந்தப் பாறை மாதங்களில் ஒரு நாளும் கிடைக்கவில்லை.

விலையும் உண்டு. முதலீட்டுப் பணம் தீர்ந்து, பதினான்காவது மாதத்தில் அந்த கேம் நின்றுபோனது. யாரும் விளையாடப்போவதில்லை அந்த மண்டபத்தில். எல்லாச் சிறு குழுவுக்கும் இப்படி ஆவதில்லை: புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழு 2017ல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கேட்ட தொகை கிடைக்காமல் போன பிறகும் விடாமல் உழைத்து 2020ல் ராஜி என்ற கேமை வெளியிட்டது. ராஜஸ்தானி கட்டடக்கலையை அந்தச் சின்னக் குழு கையாண்ட விதத்தை ஒவ்வொரு புது ஆர்ட்டிஸ்டும் நின்று பார்க்க வேண்டும். ஆனாலும் ஏழு பேரில் உங்களைவிடத் தெரிந்த ஆர்ட்டிஸ்ட் ஒருவர்கூட இல்லையென்றால் மரப்பெட்டியைத் திருப்பி அனுப்ப ஆள் இருக்காது. தப்பைத் தப்பென்று தெரியாமலே இரண்டு வருடம் ஓடிவிடும்.

மூன்றாவது, கிட் விற்பது. காரைக்குடிப் பக்கம் போய் செட்டிநாட்டு வீடு ஒன்றை மாட்யூலர் கிட்டாகச் செய்தேன். தூண், நிலை, முற்றத்துக் கூரை, ஆத்தங்குடித் தரை எல்லாமே ஒரே அளவுக் கட்டத்தில் பொருந்தும்படி. புகைப்படங்களிலிருந்து 3டி வடிவம் உருவாக்கும் ரியாலிட்டி கேப்ச்சர் மென்பொருள் 2024லிருந்து ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் குறைவானவர்களுக்கு இலவசம் என்பதால் நிறைய படம் எடுத்தேன். மேகமூட்டமான நாளில் சுண்ணாம்புச் சுவர் நன்றாக வந்தது, பளபளக்கும் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் வரவேயில்லை, பிரதிபலிப்பை மென்பொருள் வடிவமென்று நினைத்துக்கொள்ளும். அவற்றைக் கையால்தான் செய்தேன்.

கணக்கு இப்படி: ஃபேபில் விலையில் 88 சதவீதம் நமக்கு, யூனிட்டி அசெட் ஸ்டோரில் 70. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அன்ரியல் எஞ்சினைச் செய்யும் எபிக் 2019ல் குவிக்ஸல் நிறுவனத்தை வாங்கி, அதன் மெகாஸ்கேன்ஸ் என்ற ஸ்கேன் செய்த பொருள்களின் தொகுப்பை அன்ரியல் பயன்படுத்துபவர்களுக்கு 2024 முடியும்வரை இலவசமாகக் கொடுத்தது. அப்படி எடுத்து வைத்திருப்பவர் உங்கள் பாறையைக் காசு கொடுத்து வாங்கமாட்டார். செட்டிநாட்டு வீடு போல வேறெங்கும் கிடைக்காதது விற்கும், ஆனால் மெதுவாக. எனக்கு ஒரு வருடத்தில் வந்தது ஸ்டூடியோவின் இரண்டு மாதச் சம்பளம். எஞ்சினின் புதுப் பதிப்பு வந்தால் திருத்த வேண்டும், வாங்கியவர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் போட வேண்டும். இதுவும் பொருள் செய்யும் வேலைதான், திருத்துவதற்கு லீட் மட்டும் இருக்கமாட்டார்.

ராக்ஸ்டார், யுபிசாஃப்ட் போன்ற வெளிநாட்டு கேம் நிறுவனங்களின் இந்தியக் கிளைகள் நான்காவது வழி. நான் வேலை பார்த்ததில்லை, அதனால் ஒன்று மட்டும்: எந்தப் பங்கு இங்கே நடக்கும் என்பதை முடிவு செய்பவர்கள் வெளியே இருக்கலாம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ரீமேக்கை யுபிசாஃப்டின் புனே, மும்பை கிளைகள் செய்கின்றன என்று 2020ல் அறிவித்தார்கள், 2022ல் அது மான்ட்ரியலுக்குப் போனது.

தம்பிக்கு நான் சொன்னது: பெங்களூருக்குப் போ, ஆனால் இரண்டு வருடம் என்று தேதி குறித்துக்கொண்டு போ. அவன் வீட்டில் அவன் சம்பளத்தை நம்பி இரண்டு பேர் இருக்கிறார்கள், அதையும் யோசித்துத்தான் சொன்னேன். அந்த இரண்டு வருடத்தில் வார இறுதிகளில் ஒரே ஒரு சிறு இடம், ஒரு டீக்கடை அளவுக்குப் போதும், பிளாக்அவுட்டிலிருந்து வெளிச்சம் வரை அன்ரியலுக்குள் அவனே முடிக்க வேண்டும், நான்கு பேரை அதில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். சம்பளம் நெருக்கடி இல்லாதவர், அந்த ஏழு பேரில் அனுபவமுள்ள ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்கிறார் என்று உறுதியானால், தயங்காமல் சிறு குழுவுக்கே போகலாம். கிட் விற்பதை முதல் வேலையாக யாருக்கும் சொல்லமாட்டேன்.

இரண்டு இடத்திலும் இன்டர்வியூவில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறேன்: "நான் செய்யும் பொருளை எஞ்சினுக்குள் வைப்பது யார்?" பெங்களூர்க்காரர்கள் "கிளையன்ட்தான், ஆனால் ஒரு புராஜெக்டில் முழு லெவலும் நாங்கள் செய்கிறோம்" என்று சொன்னார்களாம். அந்த புராஜெக்டில் போடச் சொல்லிக் கேள் என்று நேற்று இரவு செய்தி அனுப்பினேன்.