இரைப்பையைக் குறைத்து ஐந்தரை வருடம்: தண்ணீரை நிறுத்தினேன், ரசம் சாதத்தை நிறுத்தவில்லை

2019 ஆகஸ்டில் மதுரையில் எனக்கு இரைப்பையைக் குறைக்கிற ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றைக்கு எடை 118 கிலோ, உயரம் 158 செ.மீ. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, ராத்திரியில் குறட்டையோடு மூச்சு முட்டி எழுந்து உட்காரும் தொல்லை வேறு. ஒன்றரை வருடத்தில் 72 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது, குறட்டை நின்றது, பழைய ரவிக்கை எல்லாவற்றையும் பிரித்துத் தைத்தேன்.

இந்த அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். புது வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துப் போட்டோ எடுக்கிற கட்டம் அது. வண்டி நாலு வருடம் ஓடிய பிறகு எப்படி இருக்கிறது என்று எழுதுபவர் குறைவு. நான் அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், ஏனென்றால் நாலாம் வருடம் என் எடை 84. ஏறியது பன்னிரண்டு கிலோ. இப்போது 77. நடுவில் நடந்ததுதான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது. குடலில் கை வைப்பதில்லை. வெட்டி எடுக்கிற பகுதியில்தான் கிரெலின் என்கிற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. அதனால் முதல் வருடம் பசி என்ற ஒன்றே மறந்துபோயிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். முதலில் தெளிந்த நீராகாரம், அப்புறம் கெட்டி நீராகாரம், அப்புறம் மசித்தது, அப்புறம் மெத்தென்று வெந்தது என்று படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். அத்தை தினமும் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கோழி கொறிக்கிற மாதிரி கொறிச்சா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று புலம்புவார். மூன்றாவது மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, எட்டாவது மாதத்தில் நின்றது. இதெல்லாம் எல்லோருக்கும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள், பெரிய விஷயம் இல்லை.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் தடித்த எழுத்தில் ஒரு விதி: சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். இதை நான் வேத வாக்காகப் பிடித்துக்கொண்டேன். விக்கல் எடுத்தால்கூடத் தண்ணீர் தொடமாட்டேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது என் டம்ளரை மட்டும் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது வருடம் பசி திரும்பி வந்தது. பயந்துவிட்டேன். ஆனால் சாப்பாட்டு அளவு கூடியதாகத் தெரியவில்லை. சின்ன எவர்சில்வர் தட்டு, அதே தட்டுதான். 2022 தீபாவளிக்கு 75, 2023 பொங்கலுக்கு 79, ஆகஸ்டில் 84. தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. "தையல் விட்டுப்போயிருக்கும், வயிறு விரிஞ்சிருக்கும்" என்று தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எண்டோஸ்கோபி செய்து பார்த்ததில் குழாய் குழாயாகத்தான் இருந்தது.

அப்போது ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஐந்து நாள் வெறும் நீராகாரம் குடித்தால் வயிறு பழைய அளவுக்குச் சுருங்கிவிடும் என்று எங்கோ படித்தேன். ஐந்து நாளும் சூப்பும் புரதப் பொடியும்தான். இரண்டரை கிலோ குறைந்தது. ஆறாம் நாள் தலை கிறுகிறுத்து, நின்ற இடத்திலேயே நாலு பிஸ்கட் தின்றேன். பத்தே நாளில் இரண்டரை கிலோவும் வட்டியோடு திரும்பி வந்தது. இரைப்பை என்ன, துவைத்தால் சுருங்குகிற காதித் துணியா?

வேறு வழியில்லாமல், நாலு வருடமாகப் போகாத டயட்டீஷியனிடம் போனேன். முன்பு இருந்தவர் மாறி, சின்னப் பெண் ஒருவர் இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. மூன்று நாள் சாப்பிடுவதை எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பது போட்டோ, ஒவ்வொன்றிலும் அடக்கமாக ஒரு சின்னத் தட்டு. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, தட்டுல வைக்காதத நீங்க போட்டோ எடுக்கலையே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. முறுக்கு சுடும்போது வாயில் போட்ட உடைசல், பையன் மிச்சம் வைத்த தோசை ஓரம், ஆபீஸ் மேஜை இழுப்பறையில் இருந்த மிக்சர் பொட்டலம், பதினோரு மணி டீ, நாலு மணி டீ, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணவரோடு கீழவாசல் பக்கம் போனால் ஆளுக்கொரு ஜிகர்தண்டா. இதில் ஒன்றுகூடத் தட்டைப் பார்த்ததில்லை. முறுக்கும் மிக்சரும் வாயிலேயே எச்சிலோடு மாவாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், குழாய் நிறையவே நிறையாது. ஜிகர்தண்டாவுக்குச் சொல்லவே வேண்டாம். வஞ்சிர மீன் இரண்டு துண்டுக்கு மேல் இறங்காத அதே வயிற்றில், பாலும் ஐஸ்கிரீமும் நன்னாரி சர்பத்தும் ஒரு பெரிய டம்ளர் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, நொறுக்குத்தீனி ஒரு பக்கம். அது குற்றம் என்று எனக்கே உள்ளுக்குள் தெரியும். அடுத்துக் கேட்ட கேள்விதான் என்னை உட்கார வைத்தது. மத்தியானத் தட்டைக் காட்டி, "இந்த ரசம் சாதம் சாப்பிட எத்தனை நிமிஷம் ஆகுது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

மறுநாள் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். ஒரு கிண்ணம் ரசம் சாதம், ஆறு நிமிடம். ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டு மூன்று மணிக்கு இழுப்பறையைத் திறந்தேன். அதற்கு அடுத்த நாள் நூறு கிராம் கோழிக்கறி, கொஞ்சம் பீன்ஸ் பொரியல், சாதம் இல்லை. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று, கடைசித் துண்டைத் தின்ன முடியவில்லை. ஐந்து மணி வரை வாய் எதையும் தேடவில்லை. அதே வயிறுதான், அதே வாரம்தான்.

நம் சாப்பாட்டு முறையே குழைத்துச் சாப்பிடுவது. சாம்பார் ஊற்றிக் குழைத்து ஒரு சுற்று, ரசம் ஊற்றிக் கரைத்து ஒரு சுற்று, மோர் ஊற்றிப் பிசைந்து ஒரு சுற்று. டம்ளரில் தண்ணீர் குடிக்காமல் இருந்தேனே தவிர, மூன்று சுற்றிலும் தண்ணீரோடுதான் சாப்பிட்டிருக்கிறேன். கெட்டியாக மென்று தின்றது அந்தக் குழாயில் கொஞ்ச நேரம் தங்கும், அதனால்தான் வயிறு நிறைந்த உணர்வு. கரைத்துக் குடித்தது வந்த வேகத்தில் குடலுக்குப் போய்விடும். தண்ணீர் விதியின் நோக்கமே இதுதான். அந்தத் தாளை எழுதியவர் யாரோ, சப்பாத்தி தின்கிற ஊரையோ ரொட்டி தின்கிற ஊரையோ மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும். ரசம் சாதத்துக்கு அதில் ஒரு வரி இல்லை.

அதற்குப் பிறகு பட்டினி எதுவும் கிடக்கவில்லை. சாப்பிடும் வரிசையை மட்டும் தலைகீழாக்கினேன். முதலில் கறியோ மீனோ முட்டையோ, அதுவும் பாதியாவது உள்ளே போன பிறகு காய், இடம் இருந்தால் இரண்டு கரண்டி சாதம், அதில் கெட்டிக் குழம்பு. ரசம் தட்டுக்கு வருவதில்லை. நாலு மணிக்கு டீ குடிக்கிற நேரத்தில் டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறேன், மிளகு தூக்கலாக. இரண்டு டீயில் ஒன்று இப்படியே கழன்றுகொண்டது.

புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்றார்கள். கேட்க எளிதாக இருக்கும், போட்டுப் பார்த்தால்தான் தெரியும். முட்டைக்கு ஆறு கிராம், நூறு கிராம் மீனுக்கு இருபது, ஐம்பது கிராம் பனீருக்கு ஒன்பது, ஒரு சின்னக் கப் கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு எட்டு. இட்லிக்கு இரண்டு! அத்தனை வருடம் இட்லியை ஆரோக்கியச் சாப்பாடு என்று நம்பித் தின்றவள் நான். இட்லியை நிறுத்தவில்லை, ஒன்று தின்கிறேன், பக்கத்தில் இரண்டு முட்டை. தோசை மாவு இருக்கிற நாளிலும் எனக்கு மட்டும் அடை. தயிரை வெள்ளைத் துணியில் கட்டிச் சிங்க் குழாயில் தொங்கவிட்டால் மூன்று மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டால் ராத்திரிக்கு அது போதும்.

கஷ்டம் புரட்டாசியில்தான். எங்கள் வீட்டில் அந்த மாதம் கவிச்சி கிடையாது, முட்டையும் கிடையாது. முதல் இரண்டு புரட்டாசியும் வெண்டைக்காய்ப் பொரியலும் ரசமுமாக ஓட்டி, மாதக் கடைசியில் படியேற மூச்சு வாங்கியது. இப்போது மீல்மேக்கர், பனீர், பாசிப்பருப்பு தோசை, அப்புறம் நவராத்திரி வந்தால் அக்கம்பக்கத்துச் சுண்டல் எல்லாம் எனக்கே. கொலு பார்க்கப் போகிற வீட்டில் பாயசத்தைத் தள்ளிவிட்டு இன்னொரு கிண்ணம் சுண்டல் கேட்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

புரதப் பொடி பற்றியும் சொல்லவேண்டும். மூன்று கம்பெனி மாற்றினேன். ஒன்றில் சர்க்கரை அதிகம், ஒன்றில் ஈரச் சுவர் வாடை. எதுவானாலும் கொதிக்கிற பாலில் போட்டால் திரிதிரியாகத் திரண்டுவிடும், ஆறிய பாலில்தான் கலக்க வேண்டும். அவசரத்துக்கு வைத்திருக்கிறேன். அதுவும் நீராகாரம்தானே, பசி தாங்காது.

இன்னொரு விஷயம், மென்று தின்பது. காய்ந்த கோழி நெஞ்சுக்கறியை அவசரமாக விழுங்கினால் நடு நெஞ்சில் கல் மாதிரி நிற்கும். வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், எழுந்து பாத்ரூமுக்கு ஓடவேண்டும். பிரிட்ஜில் வைத்துச் சூடாக்கிய கறி இன்னும் மோசம். தொடைக்கறி, கொத்துக்கறி, மீன் இவை தொந்தரவு செய்வதில்லை. ஒரு வாய் போட்டதும் கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். கை சும்மா இருந்தால்தான் வாய் மெல்லும்.

மாத்திரை விஷயத்தில் நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள். மூன்றாம் வருடம், "நல்லாத்தானே இருக்கோம்" என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஏழெட்டு மாதத்தில் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. செருப்பு சரியில்லை என்று இரண்டு ஜோடி மாற்றினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் வைட்டமின் பி12 அடிமட்டத்தில், ஹீமோகுளோபின் 9.1. பி12 ஊசி போட்டுத்தான் சரியானது. பெரும்பகுதி இரைப்பையை எடுத்த பிறகு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும் உண்டு. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை போட்ட கையோடு டீ குடிப்பதும் வீண். என் அளவு என்ன என்று கேட்காதீர்கள், உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

84இலிருந்து 77க்கு வரப் பதினாலு மாதம் ஆயிற்று. முதல் தடவை எடை தானாகக் கொட்டியது, இந்தத் தடவை கிலோ கிலோவாக நான் இறக்கினேன். நடுவில் மூன்று மாதம் முள் அசையவே இல்லை. 72 திரும்ப வருமா என்றால் வராது என்றுதான் நினைக்கிறேன், அதற்காக ஏங்கவும் இல்லை. குறை என்று சொன்னால் நெஞ்சு எரிச்சல். ஸ்லீவ் செய்த பலருக்கும் இது வருகிறது, எனக்கு நாலு வருடமாக இருக்கிறது. ஏழரைக்குள் ராத்திரிச் சாப்பாடு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல். ஒன்பது மணிக்கு விருந்தாளி வந்து தட்டை நீட்டினால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

போன மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். பந்தியில் என் இலையில் பட்டாணிக் கூட்டும் பருப்பு வடையும் கேட்டு வாங்கி முதலில் தின்றேன். ஒரு கரண்டி சாதம், வத்தக்குழம்பு. ரசம் கொண்டு வந்தவர் சாதத்தில் ஊற்றக் கரண்டியைச் சாய்த்தார். நான் கையால் இலையை மறைப்பதற்குள், எதிர் வரிசையில் இருந்த அத்தை மண்டபமே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்: "ஏப்பா, அவளுக்குச் சோத்துல ஊத்தாத! சாயந்தரம் டம்ளர்ல குடிப்பா!"