ஏற்காடு ரோட்டில் நிஞ்ஜா 300: ஹேண்ட்லிங்கைச் சரிசெய்த அனுபவம்

செகண்ட் ஹேண்டில் கவாஸாகி நிஞ்ஜா 300 வாங்கி ஓட்டுபவர்கள் நம் பக்கம் நிறைய. 2013-ல் இந்தியாவுக்கு வந்த வண்டி, 296 சிசி, ரெட்டை சிலிண்டர். இன்ஜினைப் பற்றி எழுத வேண்டியதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் இருப்பது சேலம், அதனால் ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள்தான் என் வண்டிக்குப் பரிசோதனைக் கூடம். எப்போதாவது கொல்லிமலையின் 70 வளைவுகள். அங்கே இந்த வண்டியின் ஹேண்ட்லிங்கை வழிக்குக் கொண்டுவந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

"வண்டி வளைவில் சரியில்லை" என்று சொன்னால் உடனே அகலமான டயர் போடு, மோனோஷாக்கை (பின்பக்க ஷாக் அப்சார்பர்) மாற்று என்றுதான் பதில் வரும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: வளைவில் எந்த இடத்தில் சரியில்லை? பிரேக் பிடிக்கும்போதா, சாய்க்கும்போதா, சாய்ந்தபடியே போகும்போதா, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து வெளியே வரும்போதா? இடம் மாறினால் காரணமும் மாறும். இதைப் பிரித்துப் பார்க்காமல் செலவு செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

என் வண்டியில் மூன்று தொந்தரவு. சாய்க்கும்போது முதலில் வர மறுக்கும், அப்புறம் திடீரென்று உள்ளே விழும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும். இடது வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் எதிர் லேன் பக்கமாக இழுக்கும். மேலேயிருந்து பஸ் இறங்கும் ரோட்டில் இந்த மூன்றாவது நிஜமாகவே ஆபத்து.

முதலில் காற்று. முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ என்பது கம்பெனிக் கணக்கு, அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது. பங்க் வரைக்கும் ஓட்டிப் போய்ப் பார்த்தால் டயர் சூடாகி அளவு கூடக் காட்டும். சின்னதாக ஒரு கேஜ் வாங்கி காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்ப்பதுதான் சரி. அடுத்தது பின் டயர். நேர் ரோட்டிலேயே ஓடி ஓடி நடுப்பகுதி தட்டையாகியிருந்தது. உள்ளங்கையை டயர் மேல் குறுக்காக வைத்துத் தடவினால் தட்டை முடிந்து வளைவு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு விளிம்பு கையில் தட்டுப்பட்டது. சாய்க்கும்போது டயர் அந்த விளிம்பைத் தாண்டும்வரை வண்டி எதிர்க்கும், தாண்டியதும் விழும். அதே 140/70-17 அளவில் புது டயர் போட்டதும் முதல் தொந்தரவு போய்விட்டது. ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் அகலமாக்கினால் பார்க்க எடுப்பாக இருக்கும், வண்டி திரும்பச் சோம்பல்படும்.

ஹேண்டில்பார் ஒட்டியதற்குக் காரணம் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஒரு விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் பால் ரேஸ் (பேரிங் குண்டுகள் உருளும் பாதை) தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, ஆட்டம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். என் வண்டிக்குப் புதுசு போட்ட ஒர்க்‌ஷாப்பில் நட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்கள். எடுத்து ஓட்டினால் டிராஃபிக்கில் வண்டி இடதும் வலதுமாக அலைந்தது, விடாமல் திருத்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. சக்கரம் தூக்கிய நிலையில் ஹேண்டிலை லேசாகத் தட்டினால் அது தன் பாரத்திலேயே ஒரு பக்கம் போய்ச் சாய வேண்டும், அதே சமயம் ஆட்டமும் இருக்கக் கூடாது. அந்த நிலைக்குத் தளர்த்தியதும் அலைச்சல் நின்றது. கோன் செட் மாற்றிய யாரும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமல் வண்டியை எடுத்து வராதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வெளியே இழுப்பது முன்பக்கக் கோளாறு மாதிரி தெரியும். ஆனால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் வந்தால் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். பாரம் பின்னால் போய் வால் தாழ்கிறது, மூக்கு தூக்குகிறது, முன் டயர் மேல் பாரம் குறைகிறது. அளந்து பார்த்தேன். பின் ஆக்ஸிலிலிருந்து (சக்கரத்தின் அச்சு) வால் பகுதியில் ஒரு புள்ளி வரைக்கும் டேப் பிடித்து, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஒரு அளவு, நான் ரைடிங் கியரோடு உட்கார்ந்து நண்பர் அளந்தபோது ஒரு அளவு. வித்தியாசம் 50 மி.மீ. பின் சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்தப் பயணமே 132 மி.மீ.தான். சாலைக்கு மூன்றில் ஒரு பங்கு தாழ்வதுதான் நல்லது, என் எடை 80 கிலோவுக்கு அது மிஞ்சிப்போயிருந்தது. ஷாக்கில் பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு, ஐந்து படி. இரண்டாவதில் இருந்ததை நான்காவதுக்கு மாற்றியதும் 43-க்கு வந்தது.

இங்கே ஒரு விஷயம். பிரீலோடு கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அதேதான், வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. 1405 மி.மீ. வீல்பேஸில் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) பின்னால் 7 மி.மீ. உயர்ந்தால் ஃபோர்க்கின் கோணம் கிட்டத்தட்ட கால் டிகிரி நிமிரும், வண்டி இன்னும் எளிதாகத் திரும்பும். நிஞ்ஜா 300-ன் 27 டிகிரி நிதானமான கோணம், அதில் கால் டிகிரியே கையில் தெரிகிறது. வளைவின் நடுப்புள்ளியைத் தாண்டி ஆக்ஸிலரேட்டரைத் திறந்தாலும் வண்டி என் லேனுக்குள்ளேயே நிற்கிறது. பைசா செலவில்லை, கொக்கி ஸ்பேனர் ஒன்று போதும். பின்னால் ஆள் ஏறினால் ஐந்தாவது படி.

செயின் டைட் பண்ணும்போது ஸ்விங்ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) இருக்கும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்விங்ஆர்ம் பிவட்டிலிருந்து (அது வண்டியோடு இணையும் இடம்) ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் அளந்தால் பின் சக்கரம் நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முன் ஃபோர்க் 37 மி.மீ. டெலஸ்கோப்பிக், வெளியிலிருந்து மாற்றியமைக்க எதுவும் கிடையாது. ஆயிலை மாற்றினேன், வடித்தது சாம்பல் நிறத்தில் தண்ணீராக இருந்தது. மாற்றியபின் மேடுபள்ளத்தில் மூக்கு துள்ளுவது குறைந்தது. இறக்கத்தில் பலமாகப் பிரேக் பிடித்தால் இன்னும் எனக்குப் பிடிக்காத அளவுக்குத் தாழ்கிறது. கேபிள் டையை ஃபோர்க் குழாயில் கட்டி ஓட்டினால், ஃபோர்க் எவ்வளவு அமுங்கியதோ அதுவரை அது தள்ளப்பட்டு நிற்கும். பார்த்தால், 120 மி.மீ. பயணத்தில் கடைசிச் சில மில்லிமீட்டர் மட்டுமே மிச்சமிருக்கிறது. இதற்கு ஆயில் தீர்வில்லை, என் எடைக்கு ஏற்ற கெட்டியான ஸ்பிரிங் வேண்டும். அதைப் போட்டதும் முன்பின் உயரம் இரண்டையும் மறுபடி அளந்து எழுதுகிறேன்.